காருக்குள் வைத்த காது

அந்தக் காரைத்தான் நான் வீடு என்று நினைத்திருந்தேன். கம்பனி கொடுத்த வெள்ளை நிறச் சின்னக் கார். பின் சீற் முழுக்க மருந்துச் சாம்பிள் பெட்டிகள், முன் பக்கம் பாதிக்கு மேல் இறங்காத கண்ணாடி. நான் ஒரு மருந்துக் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி. வெள்ளவத்தையில் தொடங்கி ஹெவ்லொக் டவுன், தெமட்டகொடை, கொட்டாஞ்சேனை என்று டொக்டர்மாரின் வாசலிலும் பாமசிகளின் கவுண்டரிலும் காத்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. படுத்து எழும்ப வெள்ளவத்தையில் ஓர் அறை இருந்தது. அதை வீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் எனக்கு நித்திரை வரும். அப்படி ஓர் அறை.

மனைவி யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ரீச்சர். இரண்டு மகன்மாரும் அவளோடு. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த காலத்தில் லீவு கிடைக்கும் போதெல்லாம் பஸ் ஏறிப் போய் வந்தேன். பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது, பாதையை மூடினார்கள். போவதென்றால் கப்பலில் போக வேண்டும். கப்பலில் போவதென்றால் அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி எடுப்பதென்றால் வேறு ஒரு வேலையும் பார்க்காமல் அதையே பார்க்க வேண்டும். நானும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன்.

ரெலிபோன் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. லைன் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தாலும் இரண்டு பேருக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு. உண்மையில் யாரும் கேட்டார்களோ தெரியாது. கேட்கிறார்கள் என்று நினைத்தே நாங்கள் கதைத்தோம். "சுகமோ?" "சுகம்." "அங்க?" "எல்லாரும் சுகம்." கலியாணம் கட்டிப் பதினாறு வருசமான இரண்டு பேர் வங்கியில் வரிசையில் நிற்பவர்கள் மாதிரிக் கதைத்துவிட்டு வைப்போம். வைத்த பிறகுதான் கேட்க வேண்டியதெல்லாம் ஞாபகம் வரும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

மனைவி எனக்கு ஒரு சொல்லைத் தடை செய்திருந்தாள். பெடியள். எங்கள் ஊர்ப் பேச்சில் பெடியள் என்றால் பையன்கள், அவ்வளவுதான். பெற்ற மகனும் பெடியன், பக்கத்து வீட்டுக்காரனும் பெடியன். ஆனால் சண்டை வளர்ந்த வருசங்களில் அந்தச் சொல்லை ஆயுதம் தூக்கிய இயக்கம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. "பெடியள் வந்திட்டுப் போனவங்கள்" என்று ஒருவர் சொன்னால் யார் வந்தது என்று ஊரில் குழந்தைக்கும் விளங்கும். கொழும்பில், அதுவும் ரெலிபோனில், அதைச் சொல்வது நெருப்போடு விளையாட்டு. ஒருநாள் நான் வாய் தவறி "பெடியள் எங்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் மெதுவாக, "இஞ்சாருங்கோ, பிள்ளையள் எண்டு கேளுங்கோ" என்றாள். அன்றிலிருந்து என் பெடியள் ரெலிபோனில் பிள்ளைகளாகிவிட்டார்கள்.

வெளியிலும் அப்படித்தான். பஸ்ஸில் போன் அடித்தால் குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் இரண்டு சொல் சொல்லிவிட்டு வைக்கும் ஆட்கள் நாங்கள். அறையில் பலகைத் தடுப்பு. எனக்கோ வாயை மூடிக்கொண்டிருக்க வராது. பிறவிக் குணம், என்ன செய்ய?

ஆகவேதான் கார். காலி வீதியில் ஒரு நாள் ஒரு முச்சக்கர வண்டிக்காரன் சிக்னல் போடாமல் குறுக்கே திரும்ப, "இஞ்சாரும், இந்த மனுசன் செய்யிறதைப் பாத்தீரே?" என்று பக்கத்துச் சீற்றைப் பார்த்துச் சொன்னேன். சீற்றில் சாம்பிள் பெட்டி இருந்தது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த நாள் வெட்கம் போய்விட்டது.

இஞ்சாரும் என்பது என் மனைவியின் பெயர் இல்லை. கட்டினவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. நான் இஞ்சாரும் என்பேன், அவள் இஞ்சாருங்கோ என்பாள். இங்கே பாரும், இங்கே பாருங்கள் என்பதுதான் அப்படித் தேய்ந்து போனது. அவளுடைய உண்மையான பெயர் கலியாணப் பதிவில் இருக்கிறது, எனக்கு அது வேறு யாரோ ஒருவரின் பெயர் மாதிரி.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெள்ளவத்தைப் பாலம் தாண்டிக் கொட்டாஞ்சேனை போய்ச் சேரும்வரை யாழ்ப்பாணத்துச் சத்தத்தில் கதைப்பேன். மத்தியானச் சாப்பாட்டில் உப்பு இல்லாதது, வீட்டுக்காரம்மாவின் மூக்கு, இன்றைக்கு ஒரு டொக்டர் என்னை வாசலில் நிற்க வைத்துவிட்டுப் பின்கதவால் போனது, எல்லாம் சொல்வேன். முக்கியமாகப் பெடியளைக் கேட்பேன். "பெடியள் படிக்கிறாங்களோ? பெடியள் சண்டை பிடிக்கிறாங்களோ?" அந்தச் சொல்லை வாய் நிறையச் சொல்ல எனக்குக் கொழும்பு முழுவதிலும் அந்தக் கார் மட்டும்தான் இருந்தது. மறுமொழி வராது என்று தெரியும். ரெலிபோனில் வந்த மறுமொழியைவிட அது பரவாயில்லை.

அந்தக் காருக்குள்தான் காது வைத்தார்கள்.

கம்பனியின் எல்லாக் கார்களையும் தெமட்டகொடையில் ஒரு கராஜுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி பூட்டப்பட்டது. சோப்புக்கட்டி அளவு, ஓரத்தில் பச்சை லைட். கார் எங்கே போகிறது, எவ்வளவு வேகம், எங்கே எவ்வளவு நேரம் நின்றது எல்லாம் அது ஒபிஸ் கொம்பியூட்டருக்கு அனுப்பும். எங்கள் மனேஜர் ஒரு சிங்களவர். நல்ல மனுசன் என்று இன்றைக்கும் சொல்வேன். நல்ல மனுசரும் ஒட்டுக் கேட்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "இது பெற்றோலுக்காக, உங்கள் பாதுகாப்புக்காகவும்தான்" என்றார். மற்றப் பிரதிநிதிகள் இனிக் காதலியைப் பார்க்கப் போக முடியாது என்று பகிடி விட்டார்கள். நானும் சிரித்தேன்.

பெட்டியைப் பூட்டியவன் கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஆள், கழுத்தில் சிலுவை. நான் தமிழ் என்று கண்டவுடன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, இதுல மைக் ஒண்டும் இருக்கு. ஒபிசில இருந்து கோல் எடுத்தா உள்ளுக்க கதைக்கிறது அப்பிடியே கேக்கும். விருப்பம் எண்டா ரெக்கோட்டும் பண்ணலாம்."

"கேட்பாங்களோ?"

"எனக்கு தெரியாது அண்ணே. பூட்டச் சொன்னாங்க, பூட்டுறேன்."

அன்று கராஜிலிருந்து வெள்ளவத்தை வரை நான் ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு இடத்தில் வாய் திறந்தது. பச்சை லைட்டைப் பார்த்தவுடன் இருமிச் சமாளித்தேன். தனியே காரில் இருக்கும் ஒரு மனுசன் யாருக்காக இருமிச் சமாளிக்கிறான்? எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

கொஞ்ச நாளில் மனேஜர் கூப்பிட்டுக் கொம்பியூட்டர் திரையைக் காட்டினார். கொழும்பு வரைபடத்தில் என் கார் நின்ற இடமெல்லாம் சிவப்புப் புள்ளிகள். பாமசிகளின் புள்ளிகள் அவருக்கு விளங்கின. வெள்ளவத்தைக் கடற்கரையில் றெயில் பாதைக்குப் பக்கத்தில், ஒழுங்கை முடிகிற இடத்தில், ஒவ்வொரு பின்னேரமும் ஒரு புள்ளி.

"இங்கே டொக்டர் யாரும் இல்லையே?"

"கடலை வாங்கிச் சாப்பிடுறனான்" என்றேன்.

"அரை மணித்தியாலம் கடலையா?"

சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், அறைக்குப் போக மனமில்லை என்று ஒரு மனேஜரிடம் எப்படிச் சொல்வது? அடுத்த நாளிலிருந்து அங்கே நிறுத்தவில்லை. புள்ளியும் இல்லை, கடலும் இல்லை.

செக் பொயின்ற்றில் ஒருமுறை ஒரு சிப்பாய் தலையை உள்ளே விட்டு அந்த லைட்டைக் காட்டி, "மேக்க மொகக்த?", இது என்ன என்று கேட்டான். கம்பனியின் மிஷின், நான் போகிற இடமெல்லாம் பதிகிறது என்று சிங்களத்தில் சொன்னேன். அவனுக்குச் சந்தோசம். நல்லதுதானே மாத்தயா, ஒளிக்க ஒன்றும் இல்லாவிட்டால் உங்களுக்கு என்ன பயம் என்று சிரித்துக்கொண்டு அனுப்பினான். பொல்லாத பையன் இல்லை அவன். ஆனால் அந்தச் சொல் அன்று முழுவதும் என்னைக் குடைந்தது. எனக்கு ஒளிக்க இருந்தது. குண்டு இல்லை, துவக்கு இல்லை. என் மனைவியோடு தனியே கதைக்கிறேன் என்பதை ஒளிக்க இருந்தது. அதை ஒளிக்க எனக்கு உரிமை இல்லையா?

வாரக்கணக்கில் வாயை மூடிக்கொண்டே ஓடினேன். றேடியோவைப் போட்டேன். அதில் செய்தி வந்தது, நிறுத்தினேன். கொட்டாஞ்சேனை நெரிசலில் நிற்கும் போது பக்கத்துச் சீற்றைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடும் ஒரு வசனம் முழுதாகப் பேசாமல் பொழுது போகும். திங்கட்கிழமை பாமசியில் "குட் மோர்னிங்" சொன்னால் தொண்டை கரகரக்கும்.

அந்த நேரத்தில்தான் அனுமதி சரிவந்தது. கப்பலில் இடம் கிடைக்கும் என்றார்கள். இன்னும் ஒன்றே ஒன்று தேவை. நான் இந்தக் கம்பனியில்தான் வேலை செய்கிறேன், லீவில் போகிறேன், திரும்பி வருவேன் என்று மனேஜர் எழுதிக் கையெழுத்து வைத்துத் தர வேண்டும். "வெள்ளிக்கிழமை தருகிறேன்" என்றார் அவர். ஒபிஸ் படியை நான் இறங்கவில்லை, பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

போகிற வழியில் ஒரு கடையில் நிறுத்திப் பெரியவனுக்குச் சப்பாத்தும் சின்னவனுக்கு ஒரு கிரிக்கெற் மட்டையும் வாங்கினேன். பெட்டிகளைத் தள்ளிவிட்டு அவற்றைப் பக்கத்துச் சீற்றில் வைத்தேன். காரை எடுத்தேன். அதற்குப் பிறகு என்ன கதைத்தேன் என்று எனக்கே முழுதாக ஞாபகம் இல்லை. வாரக்கணக்கில் அடைத்து வைத்தது எல்லாம் ஒரேயடியாக வந்தது. பச்சை லைட் கண்ணில் படவே இல்லை.

வெள்ளிக்கிழமை கடிதம் வாங்கப் போனேன். மனேஜரின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவரோடு கணக்குப் பகுதியில் வேலை செய்யும் ஒரு தம்பி இருந்தான். மலையகத்துப் பிள்ளை, தோட்டத்திலிருந்து படித்து முன்னுக்கு வந்தவன். ஒபிசில் எங்கள் இருவரையும் விட்டால் தமிழர் இல்லை. அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மனேஜர் எதையோ அழுத்தினார். மேசையிலிருந்து என் குரல் வந்தது.

"இஞ்சாரும், எல்லாம் சரி வந்திட்டுது. பெரியவனிட்டச் சொல்லும், நான் கப்பலில வாறன் எண்டு. பெடியளுக்குச் சாமான் எல்லாம் வாங்கி வைச்சிட்டன். அதுவரைக்கும் ஆமி நிக்கிற பக்கம் பெடியளை விடாதையும். விளங்கிச்சோ?"

என் குரலை நான் அப்படி வெளியிலிருந்து கேட்டதே இல்லை. எவ்வளவு சந்தோசமான குரல் அது. மற்ற எல்லாவற்றையும்விட அதை அவர்கள் கேட்டதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

"எனக்குத் தமிழ் தெரியாது" என்றார் மனேஜர். "இவரிடம் கேட்டேன். இவர் சொன்னதைக் கேட்டு நேற்று இரவு முழுக்க நான் தூங்கவில்லை. யார் இந்த இஞ்சாரு? பெரியவன் யார்? நீங்கள் யாருக்குச் சாமான் கொண்டுபோகிறீர்கள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தம்பியின் வீட்டில் பையன்களைப் பெடியள் என்று சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல்லை அவன் கொழும்பில், இயக்கத்தைப் பற்றிப் பத்திரமாகக் கதைக்கும் வாய்களிலிருந்துதான் கேட்டிருக்கிறான். அவனுக்கு அதில் ஓர் அர்த்தம்தான். அந்த ஓர் அர்த்தத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்டால் பெரியவன் தலைவனாகிறான், சப்பாத்தும் மட்டையும் வெடிமருந்தாகின்றன, இஞ்சாரும் நடுவில் நிற்கிற ஆளாகிறான். அவன் பொய் சொல்லவில்லை. தமிழைத் தமிழனிடமே மொழிபெயர்க்கக் கொடுத்ததில் வந்த வினை.

கப்பல் கண்ணுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. பொலிசுக்கு ஒரு கோல் போதும். பிறகு கடிதமும் இல்லை, கப்பலும் இல்லை, நானும் இல்லை.

"அது என் மனைவி" என்றேன்.

"அவர் கொழும்பிலா?"

"யாழ்ப்பாணத்தில."

மனேஜர் திரையைப் பார்த்தார். "காரில் வேறு யாரும் இருந்தார்களா?"

"இல்லை."

"போனிலா கதைத்தீர்கள்?"

"இல்லை."

"அப்படியென்றால் யாரோடு?"

உளவாளி என்று நினைக்கட்டும், அல்லது தனக்குத்தானே பேசும் விசரன் என்று நினைக்கட்டும். இரண்டில் ஒன்றை நான் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. "நான் தனியாத்தான் கதைக்கிறனான் சேர்" என்றேன். "காரில ஏறினால் மனிசியோட கதைப்பன். அவ இல்லாட்டியும் கதைப்பன். இஞ்சாரும் எண்டு எங்கட ஊரில மனிசியைக் கூப்பிடுறது. அது ஒரு ஆளின்ர பேர் இல்லை." சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன், பாதியில் இங்கிலீசுக்குப் போனேன், கடைசியில் தமிழில் நின்றேன்.

அந்தத் தம்பியிடம் திரும்பினேன். "தம்பி, உங்கட வீட்டில ஆம்பிளைப் பிள்ளையளை என்னெண்டு சொல்லுவீங்கள்?"

"பசங்கன்னு சொல்லுவோம் அண்ணே."

"நாங்கள் பெடியள் எண்டு சொல்லுவம். எனக்கு இரண்டு பெடியள். மூத்தவன் பெரியவன். சாமான் கீழ கார்ல கிடக்கு, போய்ப் பாத்திட்டு வாரும்."

அவன் போகவில்லை. அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனேஜரிடம் சிங்களத்தில் அவசரமாக என்னவோ சொன்னான், பிறகு என்னைப் பார்த்தான். "எனக்கு தெரிஞ்சதத்தான் சொன்னேன் அண்ணே. மன்னிச்சிருங்க. நீங்க சந்தோசமா பேசுறது கேட்டுச்சு, அதையும் சொன்னேன். அதக் கேட்டுத்தான் சார் இன்னும் பயந்துட்டாரு."

ஒருவரும் சிரிக்கவில்லை. மனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அதோடு விட்டிருக்கலாம். என் வாய் விடவில்லை.

"எத்தனை நாளாக் கேக்கிறீங்கள் சேர்?"

"சும்மா மிஷின் வேலை செய்கிறதா என்று பார்த்தோம்."

"எத்தனை நாள்?"

அவர் கடிதத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தார். பதிவை அழிப்பதாகச் சொன்னார், எனக்கு முன்னாலேயே அழித்தார். கடிதத்தை நீட்டும் போது தணிந்த குரலில், "இனிக் காரில் கதைக்காதீர்கள். நான் விளங்கிக்கொண்டேன், எல்லோரும் விளங்கிக்கொள்ள மாட்டார்கள்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றி எரிகிறது.

கப்பலில் போனேன். சோதனை, வரிசை, வாந்தி எல்லாம் முடிந்து வீட்டுப் படலையைத் திறந்த போது மனைவி பள்ளிக்கூடத்துச் சேலையோடு முற்றத்தில் நின்றாள். "மெலிஞ்சு போனியள்" என்றாள். நான் "சுகம், சுகம்" என்றேன். அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். பெரியவன் என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தான். சப்பாத்து அவனுக்குக் காணாது, கால் உள்ளே போகவில்லை. பின் வளவில் சின்னவன் அப்போதே மட்டையைத் தூக்கிவிட்டான், பெரியவன் வெறுங்காலோடு பந்து போடத் தொடங்கினான்.

நான் குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. அவள் கறிக்குத் தாளித்துக்கொண்டே ஏதேதோ கேட்டாள். நான் ஓம், இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கூரை, மூலை, லைட் போடுகிற சுவிச் எல்லாவற்றையும் என் கண் தன்பாட்டில் பார்த்து வந்தது.

"என்ன, உங்களுக்குக் கதை இல்லையோ?" என்றாள் அவள். "அங்க ஆரோட கதைச்சனியள் இவ்வளவு நாளும்?"

"ஆரோடயும் இல்லை."

அவள் சோற்றை இறக்கி வைத்தாள். "சரி, சோறு ஆறுது. பெடியளைக் கூப்பிடுங்கோ."

எழும்பிப் பின் கதவடிக்குப் போனேன். இரண்டு பேரும் கிணற்றுக்கு அப்பால், வேலியோரமாக நின்றார்கள். ஒரு கூப்பிடு தூரம்தான். காலி வீதி முழுக்க ஒரு சாம்பிள் பெட்டியைப் பார்த்து நான் தொண்டை கிழியச் சொன்ன சொல், அதற்கு உரியவர்கள் இதோ கண்ணுக்கு முன்னால். வாய் திறந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ரோட்டைப் பார்த்தேன்.

"பிள்ளையள்" என்றேன். "சாப்பிட வாங்கோ."

பந்து போடப்பட்டது, அடிக்கப்பட்டது. ஒருவரும் திரும்பவில்லை. இன்னொருமுறை சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

எனக்குப் பின்னாலிருந்து, அகப்பையும் கையுமாக, மனைவி ஒரு சத்தம் போட்டாள். "டேய் பெடியள்! சாப்பிட வாங்கோடா!"

இரண்டு பேரும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"அப்பா கூப்பிட்டது காதில விழேல்லையோ?" என்று அவள் ஏசினாள்.

சின்னவன் மூச்சு வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்பா எங்களையோ கூப்பிட்டவர்?" என்று கேட்டான்.